சும்மா இருப்பதற்கு ஓர் ஒப்பந்தம்

என்னிடம் ஒரு தினக்காட்டித் தாள் இருக்கிறது. பாரிஸில் தமிழர் கடைத்தெருவான லா ஷப்பலின் மளிகைக் கடைகள் வருடப் பிறப்புக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் தினக்காட்டியிலிருந்து கிழித்தது. ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. முன்பக்கத்தில் ராகு காலமும் எமகண்டமும். பின்பக்கத்தில் நீல மையில் என் கையெழுத்து:

"அக்கா ஆனவர் மூன்று இரவுகள் வெளியிடத்தில் தங்கவேண்டும். அங்கே கூட்டக்கூடாது, துடைக்கக்கூடாது, கழுவக்கூடாது, மடிக்கக்கூடாது. பிறர் செய்வதை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். இருந்தால், தங்கச்சி ஆனவர் தன் செவ்ரான் வீட்டு மாடி அறையை அவருக்குக் கொடுப்பார். சாட்சி, இதை எழுதியவர்."

கீழே மூன்று கையொப்பங்கள். அதற்கும் கீழே, பிறகு நான் எழுதிய நாள் குறிப்புகள். தாளில் ஆண்டும் இருக்கிறது, ஆனால் அதை நான் இங்கே எழுதவில்லை. ஆண்டையும் கட்டிட எண்ணையும் சேர்த்து எழுதினால் லா ஷப்பலில் யாரும் அரை நாளில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "என்னைப் பற்றி என்னத்தையும் எழுதுங்கோ மதாம், பேரை மட்டும் எழுதாதேங்கோ" என்பது அந்த அக்கா எனக்கு விதித்த ஒரே நிபந்தனை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நான் புதுச்சேரிக்காரி. நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனாலோ என்னவோ கட்டிடத்தில் எல்லோருக்கும் நான் மதாம். அவர் எல்லோருக்கும் அக்கா.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெரு வடக்கே ஏறி முடிகிற இடத்துக்கு அருகில் எங்கள் கட்டிடம். நான் இரண்டாம் மாடி, அவர் நான்காம் மாடியில் ஒற்றை அறை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை அவருக்கு. இங்கே அதை எல்லோரும் மெனாஜ் என்பார்கள். இருபத்தேழு ஆண்டுகள், ஒரே ஹோட்டல். அவருடைய ஓய்வூதியத் தாள்களை நானே அடுக்கிக் கொடுத்தேன் என்பதால் இந்த எண்ணிக்கை சரி.

அவர் முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தது ஒரு பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை. அரசாங்கக் கடிதம் ஒன்றை வாசித்துச் சொல்லவேண்டும் என்றார். மூன்று பக்கம். நான் கண்ணாடியைத் தேடியெடுத்து முதல் பக்கத்தை முடித்து நிமிர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. சமையலறையில் குழாயின் அடியில் படிந்திருந்த சுண்ணாம்பை வினிகர் தோய்த்த துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். வினிகர் எங்கே இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத் தெரியாது.

"நீங்கள் வாசியுங்கோ மதாம், எனக்குக் காது இஞ்சைதான் இருக்கு" என்றார்.

அவர் போனபிறகு கழிப்பறையில் காகிதச் சுருளின் நுனி முக்கோணமாக மடிந்திருந்ததைப் பார்த்தேன். இந்த அறை முடிந்தது, இனி விருந்தினர் வரலாம் என்பதற்கு ஹோட்டல்களில் வைக்கும் அடையாளம் அது. எங்கள் கட்டிடத்தில் எந்த வீட்டில் அந்த முக்கோணம் தெரிந்தாலும் அக்கா வந்துபோயிருக்கிறார் என்று பொருள்.

விருந்தாளியாக இருப்பது அவருக்கு முடியாத காரியம். எங்கள் தெருக்காரர்களின் மூன்று திருமண ஆல்பங்களை நான் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறேன். மூன்று திருமணங்களுக்கும் அவர் போயிருந்தார், மூன்றிலும் அவர் முகம் இல்லை. ஒரு படத்தில் மட்டும் மணமக்களுக்குப் பின்னால், வலது ஓரத்தில், ஒரு விளக்குமாற்றின் கைப்பிடி தெரிகிறது. அது அவர்தான் என்று மாப்பிள்ளையே உறுதி செய்தார்.

பித்தப்பையில் கல் என்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள் பார்க்கப் போனேன். கட்டிலில் ஆள் இல்லை. பக்கத்துக் கட்டில் பிரெஞ்சுக்காரக் கிழவிக்கு விரிப்பின் மூலைகளை உறை மடிப்பதுபோல் மடித்து மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தார், ஒரு கையால். மறு கை தையல் போட்ட வயிற்றைப் பிடித்திருந்தது. கிழவி ஒரு மகாராணியைப்போல் நாற்காலியில் உட்கார்ந்து, இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இழுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாதி வந்து அக்காவைத் திட்டினார். அக்கா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, தாதி போனதும் இடது பக்கத்தை இழுத்துவிட்டார்.

இதில் பெருமையோ குத்தலோ இருந்ததில்லை. பிறர் வீட்டு அழுக்கைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லி நான் கேட்டது கிடையாது. ஏன் இப்படி என்று கேட்டால் ஒரே பதில்தான்: "எனக்குப் பின்னால ஒராள் குனியக்கூடாது, மதாம்." இருபத்தேழு ஆண்டுகள் பிறருக்குப் பின்னால் குனிந்தவர். அந்தப் பதிலுக்கு மேல் நான் எதுவும் கேட்டதில்லை.

கேட்டவர் அவருடைய தங்கச்சி. பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் தோட்டம் வைத்த சின்ன வீடு. கணவன், மனைவி இரண்டு பேர் மட்டும். அக்காவுக்கு ஓய்வு நெருங்கிய அதே ஆண்டில் எங்கள் கட்டிடத்தின் நான்காம் மாடியை உரிமையாளர் விற்கப்போவதாகக் கடிதம் வந்தது. டிசம்பர் முடிவுக்குள் அறையைக் காலி செய்யவேண்டும். செவ்ரான் வீட்டு மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. அக்காவுக்கு அங்கே போகத்தான் ஆசை. தங்கச்சிக்கும் அக்காவை வைத்துக்கொள்ள ஆசை. எல்லோரும் இது முடிந்த விஷயம் என்றுதான் நினைத்தோம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி என் வீட்டுக்கு வந்தார். அக்கா மேலே தன் அறையில் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தார். தங்கச்சி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கடைசியாக அக்கா செவ்ரானில் நான்கு நாள் தங்கியதைச் சொன்னார். முதல் நாள் குளிர்சாதனப் பெட்டியை இழுத்துப் பின்பக்கம் துடைத்தார். இரண்டாம் நாள் அலமாரித் துணிகளையெல்லாம் இறக்கி மறுபடி மடித்தார். மூன்றாம் நாள் தங்கச்சியின் கணவர் வேலைக்குப் புறப்படும்போது அவருடைய காலுறைகள் இஸ்திரி போட்டு இருந்தன. அந்த மனிதர் அவற்றைப் போட்டுக்கொள்ளாமல் கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். நான்காம் நாள் தங்கச்சி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை அக்கா எடுத்து மறுபடி கழுவினார்.

"என்ர வீடு ஊத்தை எண்டு அவ ஒரு சொல் சொல்லமாட்டா" என்றார் தங்கச்சி. "அதுதான் மதாம் கூடச் சுடுது. சொன்னாலாவது சண்டை பிடிக்கலாம்." சொல்லும்போது சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். அக்கா வேண்டும், ஆனால் இப்படி என்றால் ஒரே வீட்டில் இருக்கமுடியாது, ஆறு மாதத்தில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவோம் என்றார்.

அக்காவைக் கீழே கூப்பிட்டோம். அவருக்கு விளங்கவில்லை. "நான் உதவிதானே செய்யிறன்" என்று இரண்டு தடவை சொன்னார். அப்போதுதான் தங்கச்சி, பாதி விளையாட்டாகவும் பாதி கண்டிப்பாகவும் அந்தப் பந்தயத்தைச் சொன்னார். எங்கேயாவது போய் மூன்று நாள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்து காட்டட்டும், அன்றைக்கே வந்து அழைத்துப்போகிறேன். முடியாவிட்டால் வேறு அறை பார்ப்போம், ஞாயிறுதோறும் வந்து பார்க்கிறேன்.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என்னிடம் திரும்பி, நீங்கள் நெடுநாளாகப் போகவேண்டும் என்று சொல்கிற யப்பானுக்கே போவோம் என்றார். நான் ஜப்பானைப் பற்றிய பயண நூல்களைப் பத்து ஆண்டுகளாக வாசித்துக்கொண்டு, துணைக்கு ஆள் இல்லாமல் போகாமல் இருந்தவள். ஆனால் அவர் அந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தது எனக்காக அல்ல. ஹோட்டலில் அவர் வேலை பார்த்த காலத்தில் ஜப்பானிய விருந்தினர்கள் புறப்பட்டுப்போன அறைகளில் படுக்கை விரிப்பு மடித்திருக்கும், குப்பை கட்டி வைத்திருக்கும், தொட்டி துடைத்திருக்கும். அந்த அறைகளில் மட்டும்தான் அவர் ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாராம். "அங்கை எனக்குச் செய்ய ஒண்டும் இராது" என்றார். எளிதாக வெல்லலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். தங்கச்சி சிரித்துக்கொண்டே தினக்காட்டியைக் கிழித்து என் முன்னால் வைத்தார்.

நவம்பரின் கடைசி வாரத்தில் போனோம். மலையடிவாரத்தில் ஆறே அறைகள் உள்ள சின்ன விடுதி. அங்கே அப்படிப்பட்ட விடுதியை ரியோகான் என்பார்கள். நடத்துபவர் அறுபது வயதுப் பெண்மணி, கூட வேலைக்கு ஒரே ஒரு பெண். பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீரில் குளிப்பதற்காகத்தான் ஆட்கள் வருகிறார்கள். அந்த ஊரின் பொதுக் குளியல் இடங்களில் எல்லோரும் ஆடையில்லாமல் ஒன்றாக இறங்குவார்கள். அதற்கு அக்கா சாகும்வரை சம்மதிக்கமாட்டார் என்பதால், தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு குளிக்கும் அறைகள் உள்ள இந்த விடுதியைத் தேடிப்பிடித்தேன். அப்படிப்பட்ட அறைகள் இரண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மணி நேரம். உள்ளே போகும்போது கதவில் ஒரு மரப்பலகையைத் திருப்பி மாட்டவேண்டும்.

அறையில் குளியல் விதிகள் அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. ஒன்பது விதிகள். கைபேசியைக் காட்டினால் தமிழாக்கித் தந்தது. நான் அக்காவுக்கு எட்டு விதிகளை வாசித்துக் காட்டினேன். ஒன்பதாவதை வாசிக்கவில்லை. ஒரே தண்ணீரில்தான் எல்லா விருந்தினரும் அடுத்தடுத்து இறங்குவார்கள், ஆகவே தொட்டியின் அடைப்பைப் பிடுங்கவேண்டாம் என்பது அந்த விதி. இன்னொருவர் குளித்த தண்ணீர் என்று தெரிந்தால் அக்கா விரல் நுனியைக்கூட நனைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். நடந்ததற்கெல்லாம் அந்த ஒரு வரியை விழுங்கிய நானே காரணம் என்பதை இங்கே பதிகிறேன்.

முதல் நாள் மாலைச் சாப்பாட்டைத் தரையில் குட்டை மேசை போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். சின்னச் சின்னக் கிண்ணங்களாக வந்துகொண்டே இருந்தது. அக்கா தின்பதை விட்டுவிட்டு எண்ணினார். "ஒராளுக்குப் பதினாலு பீங்கான். ஆர் மதாம் கழுவுறது?" அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. வேலைக்காரப் பெண் எங்கள் மெத்தைகளை விரிக்க வந்தபோது இன்னும் சங்கடம். விரிப்பின் மூலையை அந்தப் பெண் மடிக்கும் விதம் இவருக்குப் புதிது. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். அன்று நான் ஒப்பந்தத் தாளின் அடியில் எழுதியது: "முதல் நாள். ஒன்றும் செய்யவில்லை. இரண்டு தடவை எழுந்தார், இரண்டு தடவையும் உட்கார்ந்தார்."

குளியலுக்குப் போகும்போது பெட்டியிலிருந்து ஒரு பழைய பருத்திச் சேலைத் துண்டை எடுத்தார். ஊரில் கிணற்றடியில் பெண்கள் கட்டுகிற குறுக்குக்கட்டு. துணியோடு இறங்கக்கூடாது என்பது நான் வாசித்துக்காட்டிய விதிகளில் நான்காவது. அதை நினைவூட்டினேன். கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே நீங்கள் ஒரே ஆள், யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன்.

"நான் பாப்பன்" என்றார்.

இரண்டாம் நாள் அவர் அந்தத் துண்டை எடுத்துப்போனார், உலர்ந்தபடியே திருப்பிக் கொண்டுவந்தார். அவராகவே சொன்னார். மரத்தொட்டி, பக்கத்துச் சுவரில் மூங்கில் குழாய், சன்னலுக்கு வெளியே மஞ்சள் இலை மரம் ஒன்று. கழுத்துவரை இறங்கி அப்படியே இருந்தாராம். தன் கை தன் முன்னால் மிதப்பதைப் பார்த்தாராம். "தண்ணிக்குள்ள கையை விட்டால் ஏதாவது கழுவத்தான் இவ்வளவு காலமும். இது சும்மா கிடக்குது, மதாம். கை எண்டது சும்மாவும் கிடக்கும்போல." முகம் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டி, பத்து வயது குறைந்தவர்போல் இருந்தார். அன்று மாலை பதினான்கு கிண்ணங்களையும் எண்ணாமல் தின்றார். பையிலிருந்து ஒரு சின்னப் போத்தல் மிளகாய்த்தூளை எடுத்து மீன்மேல் தூவினார். ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இல்லை. இரண்டாம் நாளும் வென்றாகிவிட்டது. செவ்ரான் மாடி அறையின் சன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார்.

எங்கள் பக்கத்து அறையில் ஒரு வயதான தம்பதி. அந்த மனிதருக்கு இடுப்பில் ஏதோ கோளாறு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். வழியில் பார்க்கும்போதெல்லாம் இரண்டு பேரும் அக்காவுக்குக் குனிந்து வணக்கம் சொல்வார்கள். அக்கா கைகூப்புவார். மூன்றாம் நாள் மாலை குளிக்கப் புறப்படும்போது, எனக்குப் பிறகு யாருடைய முறை என்று அக்கா கேட்டார். இந்தத் தம்பதியுடையது என்றேன்.

நான்கு ஐம்பதுக்கு உள்ளே போனார். ஐந்து ஐம்பத்தைந்துக்கு வெளியே வந்தார். நன்றாக வியர்த்திருந்தார். வெந்நீர் என்று நினைத்தேன். அறைக்கு வந்து, ஈரத்துண்டைத் தோளில் போட்டபடி, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தார். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு நடைவழியில் பேச்சுக் கேட்டது, பிறகு விரைந்து நடக்கும் காலடிகள். நான் எட்டிப் பார்த்தேன். விடுதிக்காரம்மா குளியலறை வாசலில் நின்றார், அந்தத் தம்பதி துண்டும் கையுமாக அவருக்குப் பின்னால். நான் அவர்களுக்கு மேலாக உள்ளே பார்த்தேன்.

தொட்டியில் ஒரு துளி நீர் இல்லை. மரம் தேய்த்துத் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. அடைப்பு, கொக்கியில் தொங்கியது. உட்காரும் முக்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. துடைப்பான்களையும் தேய்க்கும் பிரஷையும் விடுதிக்காரர்கள் வைத்திருந்த மறைவான அலமாரியின் கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தது. அது அங்கே இருப்பதை மூன்று நாளும் நான் கவனிக்கவில்லை. மூங்கில் குழாயிலிருந்து வெந்நீர் ஒரு சுண்டுவிரல் பருமனில் விழுந்துகொண்டிருந்தது. அது நிரம்ப மறுநாள் காலை ஆகும் என்று பிறகு தெரிந்தது.

நான் அறைக்குத் திரும்பி, "என்ன அக்கா பண்ணிட்டீங்க?" என்றேன்.

பந்தயத்தை மறக்கவில்லை, பழக்கத்தில் கை போய்விடவுமில்லை என்பதை அவர் தெளிவாகவே சொன்னார். "நான் குளிச்ச தண்ணிக்குள்ள அந்த மனிசன் இறங்குறதோ? இடுப்பு ஏலாத மனிசன். பந்தயம் போனால் போகட்டும் எண்டுதான் அடைப்பை இழுத்தனான்." முதல் இரண்டு நாளும் தனக்குப் பின் ஆள் வரும் யோசனையே வரவில்லையாம். புதுத்தண்ணீர் திறக்கப் பெரிய குழாய் வெளியே எங்கேயோ இருக்கும் என்று நினைத்திருக்கிறார். நான் ஒன்பதாவது விதியைச் சொன்னேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கோபிக்கவில்லை. "அப்ப முந்தநாளும் நேற்றும் நான் ஆரின்ர தண்ணியிலே மிதந்தனான்?" என்று மட்டும் கேட்டார்.

நான் பதில் சொல்லுமுன் கதவு நகர்ந்தது. விடுதிக்காரம்மா வாசலில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி குனிந்தார். பிறகு தன் கைபேசியைப் பாயில் எங்களுக்கு நடுவே வைத்து அதனிடம் மெதுவாகப் பேசினார். அது மேடைத் தமிழில் சொல்லியது: "தங்களுக்கு அசுத்தமான குளியலறையை வழங்கியமைக்காக ஆழ்ந்து வருந்துகிறேன். தாங்களே தூய்மை செய்யும் நிலைக்குத் தங்களை ஆளாக்கிவிட்டேன்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "இவ ஏன் மன்னிப்புக் கேக்கிறா? தண்ணியைத் திறந்துவிட்டது நானெல்லோ."

தொட்டி அழுக்காக இருந்தபடியால்தான் நீங்கள் கழுவினீர்கள் என்று நினைக்கிறார் என்றேன். அக்கா பதறிப்போய்க் கைபேசியிடம் குனிந்து பேசினார். ஊத்தை இல்லை, வடிவாகத்தான் கிடந்தது, தான் குளித்த தண்ணீர் என்றபடியால்தான் என்றார். கைபேசிக்கு யாழ்ப்பாணத் தமிழ் பிடிபடவில்லை. நான் அதையே பிரெஞ்சில் சொன்னேன். விடுதிக்காரம்மா கேட்டுவிட்டு நிமிர்ந்தார். முதன்முதலாகச் சிரித்தார். கைபேசி அவருடைய பதிலைச் சொல்லியது: "தாங்கள் முதலில் உடலைக் கழுவிவிட்டுத்தானே இறங்கினீர்கள்? பிறகு அந்நீர் எவ்வாறு அசுத்தமாகும்?"



ஏழு மணி தாண்டி விடுதிக்காரம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். அக்காவின் கை தட்டைப் பிடித்து வாங்கப் போனது, பாதி வழியில் நின்றது, மடிக்குத் திரும்பியது. அவர் தோளிலிருந்த ஈரத்துண்டு நழுவித் தரையில் விழுந்து பாயை நனைத்துக்கொண்டிருந்தது. விடுதிக்காரம்மா குனிந்து அதை எடுத்தார், பாயைத் துடைத்தார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். அசையவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு மணி பத்து நிமிடம். கொஞ்ச நேரத்தில் நடைவழியில் அந்தத் தம்பதி போனார்கள். மற்றக் குளியலறை காலியாகி அவர்கள் அதில் குளித்திருந்தார்கள். அந்த மனிதர் எங்கள் கதவருகே நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

"நான் தொட்டியைக் கழுவினனான். அவ தன்ர தொட்டி ஊத்தை எண்டு விளங்கீட்டா" என்றார் அக்கா. தேநீரை ஒரு மிடறு குடித்தார். "செவ்ரானிலை நான் எத்தினை தொட்டி கழுவியிருப்பன், மதாம்."

தினக்காட்டித் தாளை எடுத்தேன். வாழ்நாள் முழுக்க ஒரு தேதியைக்கூட மாற்றி எழுதாதவள் நான். ஆனாலும் தொட்டியைக் காலி செய்வதைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இல்லையே என்று மெல்லச் சொல்லிப்பார்த்தேன். அவர் தலையாட்டினார். "உள்ளதை எழுதுங்கோ. நீங்கள் மாத்தி எழுதினால் நான் அங்கை போய்க் கள்ளி மாதிரி இருக்கவேணும்." உள்ளதை எழுதினேன்: "மூன்றாம் நாள். குளியல் தொட்டியைக் காலி செய்து, தேய்த்து, துடைத்தார். முக்காலிகளை அடுக்கினார்."

பாரிஸ் திரும்பிய பின் வந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தங்கச்சி வந்தார். அறையைக் காலி செய்ய நான்கு வாரம்கூட இல்லை. அக்கா மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், கோட்டுகூடக் கழற்றவில்லை. தங்கச்சி தாளில் என் நாள் குறிப்புகளை முதல் வரியிலிருந்து வாசித்தார். மூன்றாம் நாளுக்கு வந்ததும் நிறுத்தினார். நடந்ததை நான் சொன்னேன், நான் விழுங்கிய விதியையும் சேர்த்து. மண்டியிட்டு மன்னிப்புக் கேட்ட இடம் வந்தபோது தங்கச்சியின் முகம் மாறியது. தாளைக் கீழே வைத்தார்.

"அவ மன்னிப்புக் கேக்கேக்கை நீ என்ன செய்தனி?"

"ஒண்டும் செய்யேல்லை. இருந்தனான்" என்றார் அக்கா. "தேத்தண்ணி தந்தா, குடிச்சனான். துண்டு விழுந்தது, குனிஞ்சு எடுத்தா. எடுக்க விட்டனான்."

"எடுக்க விட்டனியோ?"

"ஓம்."

தங்கச்சி என் பக்கம் திரும்பினார். நான் சாட்சி. "எடுக்க விட்டாங்க. நான் பாத்தேன், ஏழு பத்துக்கு" என்றேன்.

தங்கச்சி சிரிக்கத் தொடங்கினார். அக்கா சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு, "உன்ர வீடு ஒருநாளும் ஊத்தையாக் கிடக்கேல்லை, பிள்ளை" என்றார். தங்கச்சியின் சிரிப்பு நின்றது. பிறகு தங்கச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டு, பந்தயத்தில் நீ தோற்றுப்போய்விட்டாய், அதில் பேச்சில்லை என்றார்.

"சனிக்கிழமை சாமான் ஏத்த வான் பிடிப்பம்" என்றார் அடுத்த மூச்சில்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வேன் வந்தது. அக்காவின் பொருள்கள் ஏழு பெட்டி, ஒரு சாமிப்படம். காலி செய்த நான்காம் மாடி அறையை ஒப்படைக்குமுன் அவர் தேய்த்துக் கழுவினார். ஒப்பந்தம் முடிந்திருந்ததால் நான் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது குறைவு. அக்காவும் தங்கச்சியும் இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள், ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். இது உறுதி. அந்த வீட்டில் அக்கா எப்படி இருக்கிறார் என்பதை என்னால் சொல்லமுடியாது. ரயிலில் அரை மணிப் பயணம்தான், பல தடவை போயிருக்கிறேன். ஆனால் நான் போனால், என்னைக் கண்டதும் அக்கா ஒரு சாட்சி வந்துவிட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார், தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ஆகவே நான் நேரில் கண்டதைச் சான்றாக எடுத்துக்கொள்ளமுடியாது. சென்ற மாதம் மளிகைக் கடை அண்ணை ஒரு செய்தி சொன்னார். செவ்ரானுக்கு அரிசி மூட்டை இறக்கப் போனாராம். தோட்டத்தில் தங்கச்சி இலைகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாராம். அக்கா கதிரையில் சாய்ந்து, தோடம்பழம் உரித்துத் தின்றுகொண்டு, மூட்டையைக் குசினிக்குள் வையுங்கோ என்று கையை மட்டும் நீட்டிக் காட்டினாராம். எழுந்திருக்கவே இல்லையாம். சொன்னவர் ஒருவர். வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. சரிபார்க்கப்படாத செய்தி என்றே இதை எழுதி வைக்கிறேன்.